ஒரே ஒரு சொல். உயிர் பெற்றது ஒரு மொழி!

செக் நாட்டு அறிஞர் ஹ்ரோஸ்னியின் வாழ்க்கைக் கதை

ரொட்டி. தண்ணீர்.

சின்னஞ்சிறு பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சொற்கள் இவை. பசித்தால் ஒன்றைக் கேட்கிறோம். தாகம் எடுத்தால் மற்றொன்றைக் கேட்கிறோம்.

இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு, 3 ஆயிரம் ஆண்டுகளாகப் பேச்சுமூச்சு இல்லாமல் மண்ணுக்குள் கிடந்த ஒரு மொழிக்கு ஒருவர் உயிர் கொடுத்தார்.

அவர் பெயர் பெட்ரிக் ஹ்ரோஸ்னி. அவர் உயிர் கொடுத்தது ஹிட்டைட் மொழிக்கு. இன்று துருக்கி என்று வழங்கும் நாட்டின் நடுப்பகுதியில், ஒரு காலத்தில் ராஜாக்களும் பூசாரிகளும் பேசிய மொழி அது.

அதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார்? கண்டுபிடித்த பிறகு அதை வெளியே சொல்ல ஏன் தயங்க வேண்டியிருந்தது? அதுதான் இந்தக் கதை.

பாதிரியார் மகன்

செக் நாட்டில், எல்பே ஆற்றை ஒட்டி லிசா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அங்கே 1879-ம் ஆண்டு மே மாதம் 6-ந் தேதி ஹ்ரோஸ்னி பிறந்தார். அப்போது செக் நாடு தனி நாடாக இல்லை. ஆஸ்திரியா சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது.

தகப்பனார் புராட்டஸ்டண்ட் சபைப் பாதிரியார். மகனும் முதலில் அந்த வழியிலேயே கிளம்பினார்.

கோலின் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் படித்தபோதே, எபிரேய மொழியையும் அரபு மொழியையும் கற்றுக்கொண்டார். பிறகு வியன்னா நகருக்குப் போய், பாதிரியார் ஆவதற்கான மதப் படிப்பில் சேர்ந்தார்.

ஆனால் மனம் அதில் நிற்கவில்லை. பழங்கால மொழிகள் அவரை இழுத்தன. மதப் படிப்பை விட்டார். கிழக்கு நாட்டு மொழிகளைப் படிக்கத் தொடங்கினார்.

1901-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22. அதன் பிறகு பெர்லினுக்குப் போய், டெலிட்ஷ் என்ற பெரிய பேராசிரியரிடம் பாடம் கேட்டார். வியன்னாவுக்குத் திரும்பி வந்து, பல்கலைக்கழக நூல்நிலையத்தில் வேலை பார்த்தார். 1905 முதல் அங்கே பாடமும் சொல்லிக் கொடுத்தார்.

தானியமும் பீரும்

ஹ்ரோஸ்னி அந்த நாளில் ஆராய்ந்த விஷயம் வேடிக்கையானது. பழைய பாபிலோன் நாட்டு மக்கள் வயலில் என்ன தானியம் விளைவித்தார்கள்? எதைக்கொண்டு ரொட்டி சுட்டார்கள்? பீர் எப்படிக் காய்ச்சினார்கள்?

மற்ற அறிஞர்கள் ராஜாக்களின் படையெடுப்பையும் பெரிய கோவில்களையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். ஹ்ரோஸ்னியோ சாப்பாட்டு விஷயத்தைத் துருவிக்கொண்டிருந்தார். பாபிலோன் தானியங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

இந்த அறிவு பின்னால் அவருக்குக் கைகொடுக்கப் போகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

மண்ணுக்குள் ஒரு தலைநகரம்

பைபிள் படித்தவர்களுக்கு ஏத்தியர் என்ற பெயர் தெரிந்திருக்கும். தாவீது ராஜாவின் படையில் இருந்த உரியா, ஏத்தியன். அந்த ஏத்தியரைத்தான் ஆங்கிலத்தில் ஹிட்டைட் என்பார்கள்.

பைபிளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும் இந்த மக்கள் ஒரு பெரிய சாம்ராஜ்யத்தை ஆண்டவர்கள் என்பது நெடுங்காலம் வரை உலகத்துக்குத் தெரியாது.

துருக்கியில், அங்காரா நகருக்குக் கிழக்கே, பொகாஸ்கோய் என்று ஒரு கிராமம் இருந்தது. 1906-ம் ஆண்டில் ஜெர்மன் அறிஞர் விங்க்ளரும், துருக்கி அரசின் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த மக்ரிடியும் அங்கே மண்ணைத் தோண்டினார்கள்.

தோண்டத் தோண்ட, எழுத்துக்கள் பதித்த களிமண் பலகைகள் வெளியே வந்தன. ஒன்று, இரண்டு அல்ல, ஆயிரக்கணக்கில்! அதுதான் ஹிட்டைட் ராஜாக்களின் தலைநகரமான ஹட்டுசா. அந்தப் பலகைகள் அரண்மனையிலும் கோவிலிலும் வைத்திருந்த ஆவணங்கள்.

அவற்றில் ஒரு பகுதி பாபிலோன் நாட்டு மொழியில் இருந்தது. அந்த மொழி அறிஞர்களுக்குத் தெரியும். எகிப்து ராஜா 2-ம் ராம்சேசுக்கும் ஹிட்டைட் ராஜாவுக்கும் ஏற்பட்ட சமாதான உடன்படிக்கை அதில் இருந்தது. எகிப்தில் கோவில் சுவரில் செதுக்கப்பட்டிருக்கும் அதே உடன்படிக்கை இங்கே களிமண்ணில் கிடைத்தது!

ஆனால் பெரும்பாலான பலகைகள் வேறொரு மொழியில் இருந்தன. அது என்ன மொழி? யாருக்கும் தெரியவில்லை.

படிக்க முடிந்தது, புரியவில்லை

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்.

அந்தப் பலகைகளில் இருந்தவை ஆப்பு எழுத்துக்கள். ஈரக் களிமண்ணில் நாணல் குச்சியை அழுத்தினால், சின்னச் சின்ன ஆப்பு அடித்ததுபோலப் பதியும். அதனால் அந்தப் பெயர். பாபிலோன் மக்கள் எழுதியதும் இந்த எழுத்துத்தான். அதைப் படிக்கும் வித்தையை அறிஞர்கள் 19-ம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

ஆகவே, ஹிட்டைட் பலகைகளை வாய்விட்டுப் படிக்க முடிந்தது. பொருள்தான் புரியவில்லை!

அது எப்படி என்று கேட்கலாம். ஜப்பான் மொழிப் பாட்டு ஒன்றைத் தமிழ் எழுத்தில் எழுதி உங்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவீர்கள். ஆனால் ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. அந்த நிலைதான் அறிஞர்களுக்கும்.

ஆனால் ஒரு சிறிய உதவி இருந்தது. ஹிட்டைட் எழுத்தர்கள் சில சொற்களை எழுத்துக்கூட்டி எழுதாமல், வெறும் அடையாளமாகப் போட்டார்கள். நாம் 5 என்று எழுதுகிறோம். தமிழர் அதை ஐந்து என்று படிப்பார். இந்திக்காரர் பாஞ்ச் என்று படிப்பார். ஆங்கிலேயர் பைவ் என்பார். ஓசை வேறு, பொருள் ஒன்றுதான். அதுபோல ராஜா, கடவுள், ரொட்டி முதலியவற்றுக்குப் பழைய சுமேரிய அடையாளங்களை அவர்கள் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினார்கள்.

இருட்டில் அங்கங்கே மின்மினி பறப்பதுபோல, அந்த அடையாளங்கள் மட்டும் அறிஞர்களுக்குப் புரிந்தன.

முன்னால் போனவர் பின்வாங்கினார்

ஹ்ரோஸ்னிக்கு முன்பே ஒருவர் இந்தக் கதவைத் தட்டிப் பார்த்திருக்கிறார். அவர் நார்வே நாட்டு அறிஞர் குனுட்சன்.

1887-ம் ஆண்டில் எகிப்தில் அமர்னா என்ற இடத்தில் களிமண் கடிதங்கள் பல கிடைத்தன. அவற்றுள் 2 கடிதங்கள் தெரியாத மொழி ஒன்றில் இருந்தன. எகிப்து ராஜாவுக்கும் ஆர்சவா நாட்டு ராஜாவுக்கும் இடையே நடந்த கல்யாணப் பேச்சு அது. எகிப்து ராஜா பெண் கேட்டு எழுதியிருந்தார்.

அந்தக் கடிதங்களில் 'எஸ்து' என்று ஒரு சொல் வந்தது. குனுட்சன் அதைக் கூர்ந்து பார்த்தார். 'ஆகட்டும், இருக்கட்டும்' என்று பொருள் கொண்டால் அது சரியாகப் பொருந்தியது.

லத்தீன் மொழியில் இதே பொருளுக்கு 'எஸ்தோ' என்பார்கள். வடமொழியில் 'அஸ்து' என்பார்கள். நம் கல்யாணப் பத்திரிகையில் 'சுபமஸ்து' என்று போடுகிறோமே, அதில் உள்ள 'அஸ்து'தான்!

லத்தீன், கிரேக்கம், வடமொழி, ஜெர்மன், ஆங்கிலம், செக் ஆகிய மொழிகள் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். கண் என்று தமிழில் சொல்வதைத் தெலுங்கில் கன்னு என்றும், கன்னடத்தில் கண்ணு என்றும் சொல்கிறார்கள் அல்லவா? தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பம் என்பதற்கு அது அடையாளம். அதுபோல அவை வேறொரு குடும்பம். அதை இந்திய-ஐரோப்பிய மொழிக்குடும்பம் என்பார்கள்.

துருக்கியில் கிடைத்த இந்தப் புது மொழியும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்று 1902-ல் குனுட்சன் எழுதினார்.

உடனே கண்டனம் கிளம்பியது. பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. எதிர்ப்பு பலமாக இருக்கவே, குனுட்சன் தம்முடைய கருத்தை வலியுறுத்தாமல் பின்வாங்கிவிட்டார்.

அதன் பிறகு 12, 13 ஆண்டுகள் அந்தக் கருத்துக்குப் பெரிய ஆதரவு கிடைக்கவில்லை.

கான்ஸ்டாண்டிநோபிள் பயணம்

1913-ம் ஆண்டில் விங்க்ளர் இறந்தார். அவர் தோண்டி எடுத்த பலகைகள் கான்ஸ்டாண்டிநோபிள் நகரப் பொருட்காட்சிசாலையில் இருந்தன. இன்று இஸ்தான்புல் என்று சொல்கிறோமே, அந்த ஊர்தான்.

பலகைகளைப் பார்த்துப் பிரதி எடுக்க ஆள் தேவைப்பட்டது. ஜெர்மன் கிழக்கியல் சங்கம் 2 பேரைத் தேர்ந்தெடுத்தது. ஒருவர் பிகுல்லா. இன்னொருவர் ஹ்ரோஸ்னி.

1914-ம் ஆண்டு வசந்த காலத்தில் ஹ்ரோஸ்னி அங்கே போனார். ஒவ்வொரு பலகையாக எடுத்தார். அதில் உள்ள ஒவ்வொரு கீறலையும் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். முதல் உலக யுத்தம் மூண்டது. ஹ்ரோஸ்னி நாடு திரும்பினார். ஆஸ்திரியா ராணுவத்தில் சேரவேண்டியதாயிற்று.

நல்லவேளையாக அவரைப் போர்முனைக்கு அனுப்பவில்லை. வியன்னாவில் எழுத்து வேலை கொடுத்தார்கள். மேல் அதிகாரியும் நல்ல மனிதர். ஹ்ரோஸ்னியின் ஆராய்ச்சிக்கு அவர் இடைஞ்சல் செய்யவில்லை. ராணுவ உடுப்பைப் போட்டுக்கொண்டே ஹ்ரோஸ்னி தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஐரோப்பா முழுவதும் பீரங்கி முழங்கிக்கொண்டிருந்தது. அவர் களிமண் பலகைகளின் பிரதியை வைத்துக்கொண்டு, சொற்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு வாக்கியம்

ஒரு நாள் ஒரு சிறிய வாக்கியம் அவர் கண்ணில் பட்டது. அதில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஓர் அடையாளம்தான். அது ரொட்டியின் அடையாளம். பாபிலோன் தானியங்களைப் பற்றிப் புத்தகம் எழுதியவர் அல்லவா? அந்த அடையாளம் அவருக்கு நெடுநாள் பழக்கம்!

ரொட்டி வரும் இடத்தில் வேறு என்ன வரும்? ரொட்டியை வைத்துக்கொண்டு மனிதன் என்ன செய்வான்? தின்பான்!

ரொட்டிக்கு அடுத்த சொல், 'எஸ்ஸத்தேனி'. பழைய ஜெர்மன் மொழியில் தின்பதற்கு 'எஸ்ஸன்' என்று பெயர். லத்தீனில் 'எதோ' என்றால் தின்கிறேன். வடமொழியில் 'அத்' என்றால் தின்னுதல். ஓசை ஒத்திருந்தது.

அடுத்த சொல்லைப் பார்த்தார். 'வாதர்' என்று இருந்தது.

ஆங்கிலத்தில் தண்ணீருக்கு வாட்டர் என்று பெயர். ஜெர்மன் மொழியில் வாஸர். வட ஜெர்மனியில் பழங்காலத்தில் பேசிய சாக்சன் மொழியில் 'வாதர்' என்றே சொன்னார்கள். ஹ்ரோஸ்னியின் தாய்மொழியான செக் மொழியில் வோதா. எல்லாம் தண்ணீர்தான்!

கடைசிச் சொல், 'எகுத்தேனி'. இதற்கு ஒத்த ஓசையுள்ள சொல் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் என்ன? 'எஸ்ஸத்தேனி' என்பதற்கும் 'எகுத்தேனி' என்பதற்கும் கடைசிப் பகுதி ஒன்றாக இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரியான வினைச்சொல். ரொட்டியைத் தின்பது முதல் பாதி. தண்ணீரை என்ன செய்வது இரண்டாம் பாதி? குடிப்பதுதானே!

நீங்கள் ரொட்டி தின்பீர்கள், தண்ணீர் குடிப்பீர்கள் என்பதே அந்த வாக்கியத்தின் பொருள். 3 ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஊமையாகக் கிடந்த களிமண் வாய் திறந்து பேசியது!

சந்தேகமும் சோதனையும்

ஹ்ரோஸ்னிக்குச் சந்தோஷத்தைவிடத் தயக்கமே அதிகம் வந்திருக்க வேண்டும். குனுட்சனுக்கு நேர்ந்த கதி எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னதைத்தான் இவரும் சொல்ல வேண்டும்!

அதோடு ஒரு சொல் இன்னொரு சொல்லைப்போல ஒலிப்பதை மட்டும் நம்பிவிட முடியாது. உலகத்தில் சம்பந்தமே இல்லாத மொழிகளிலும் ஒன்றிரண்டு சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகும். அதை வைத்து உறவு கொண்டாடினால் ஊர் சிரிக்கும்.

ஆகவே சொல்லை மட்டும் அல்ல, சொல் எப்படி மாறுகிறது என்பதையும் அவர் பார்த்தார். நாம் மரம் என்கிறோம். ஆனால் மரத்தை என்கிறோம். மரம் மரத்து என்று மாறுவது தமிழ் இலக்கணம். வெளியார் யாரும் அதைத் தற்செயலாக உண்டாக்க முடியாது. ஓசையைவிட இலக்கணமே உறுதியான சாட்சி.

'வாதர்' என்ற சொல் மற்றப் பலகைகளில் எப்படி வருகிறது என்று தேடினார். தண்ணீரின் என்று சொல்லும் இடத்தில் அது 'வெதெனஸ்' என்று மாறியிருந்தது. கடைசியில் இருந்த 'ர்' போய், 'ன்' வந்திருந்தது.

இது விசித்திரமான மாற்றம். ஆனால் லத்தீனிலும் வடமொழியிலும் மிகப் பழைய சொற்கள் சிலவற்றில் இதே மாற்றம் உண்டு! இதைத் தற்செயல் என்று யாரும் சொல்ல முடியாது.

வினைச்சொற்களையும் பார்த்தார். நான் செய்கிறேன் என்பதற்கு முடிவில் 'மி'. நீ செய்கிறாய் என்பதற்கு 'ஸி'. அவன் செய்கிறான் என்பதற்கு 'த்ஸி'. வடமொழியில் 'மி, ஸி, தி' என்று வரும். அவர்கள் தின்கிறார்கள் என்பது ஹிட்டைட் மொழியில் 'அதன்த்ஸி'. வடமொழியில் 'அதந்தி'!

சந்தேகம் தீர்ந்தது. குனுட்சன் சொன்னதுதான் சரி.

பெர்லின் சபையில்

1915-ம் ஆண்டு நவம்பர் மாதம் 24-ந் தேதி பெர்லினில் அறிஞர்கள் கூடிய சபையில் ஹ்ரோஸ்னி தம் கண்டுபிடிப்பை எடுத்துச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 36. அடுத்த மாதமே அந்தப் பேச்சு அச்சில் வந்தது. 1917-ல் ஹிட்டைட் மொழியைப் பற்றி முழுப் புத்தகமே வெளியிட்டார்.

எதிர்ப்பு வராமல் இல்லை. அவர் பாபிலோன் மொழிகளைப் படித்தவர். இந்திய-ஐரோப்பிய மொழிகளில் தேர்ந்தவர் அல்ல என்று குறை சொன்னார்கள். ஓசை ஒத்திருக்கிறது என்று அவர் காட்டிய சொற்களில் பல தவறு என்றும் எடுத்துக்காட்டினார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆர்வத்தில் அவர் சில இடங்களில் அளவுக்கு மீறித்தான் போயிருந்தார்.

ஆனால் அஸ்திவாரம் அசையவில்லை. மற்ற அறிஞர்கள் தவறுகளைத் திருத்தினார்கள். திருத்தத் திருத்த, ஹ்ரோஸ்னியின் அடிப்படைக் கருத்து இன்னும் உறுதியாயிற்று. குனுட்சனைப் போல அவர் பின்வாங்கவில்லை. பின்வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. அவர் கையில் இலக்கணம் என்ற சாட்சி இருந்தது.

பலகைகள் சொன்ன கதைகள்

மொழி புரிந்ததும் பலகைகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின.

ஹிட்டைட் மக்களின் சட்டப் பலகைகளை 1922-ல் ஹ்ரோஸ்னி பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். அதில் ஏறக்குறைய 200 சட்டங்கள் இருந்தன. பாபிலோன் ராஜா ஹமுராபியின் சட்டத்தில் கண்ணுக்குக் கண் தண்டனை உண்டு. ஹிட்டைட் சட்டத்தில், சுதந்திர மனிதன் ஒருவனுடைய கண்ணைப் பறித்தவன் 20 ஷெக்கெல் வெள்ளி அபராதம் கட்டவேண்டும். பழிக்குப் பழி வாங்குவதைவிட நஷ்டஈடு கொடுப்பதையே அந்த மக்கள் பல குற்றங்களுக்குத் தண்டனையாக வைத்திருந்தார்கள்.

முர்சிலி என்ற ராஜாவின் பிரார்த்தனை இன்னொரு பலகையில் இருந்தது. நாட்டில் கொள்ளைநோய் பரவி, ஆண்டுக்கணக்கில் மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் செய்த பாவம் தன் தலையில் விடிந்ததோ என்று கலங்கி, அந்த ராஜா கடவுள்களிடம் மன்றாடுகிறார். வேறோர் அறிஞர் அதை வெளியிட்டார். படிப்பவர் கண் கலங்கும்.

குதிரைகளைப் பழக்குவது எப்படி என்று கிக்குலி என்பவர் சொன்ன பாடமும் கிடைத்தது. அவர் மிதன்னி நாட்டுக்காரர். எத்தனை நாளைக்கு என்ன தீனி, எவ்வளவு ஓட்டம் என்றெல்லாம் விவரமாகச் சொல்லியிருக்கிறார். 1931-ல் ஹ்ரோஸ்னி இதை ஆராய்ந்து வெளியிட்டார்.

அதில் ஒரு ஆச்சரியம்! குதிரை ஓடவேண்டிய சுற்றுக்களைக் கணக்கிடும்போது 'ஐக', 'தேர', 'பஞ்ச', 'சத்த' என்று எண்கள் வருகின்றன. 1, 3, 5, 7 என்பதுதான். பஞ்ச பாண்டவர் என்று சொல்லும் நமக்கு அந்தப் 'பஞ்ச' புரியாதா? 3 ஆயிரத்து 300 ஆண்டுகளுக்கு முன் துருக்கியில் எழுதிய களிமண்ணில் அது இருக்கிறது!

வயலுக்குள் புதையல்

யுத்தம் முடிந்ததும் செக்கோஸ்லோவேகியா தனி நாடு ஆயிற்று. 1919-ல் ஹ்ரோஸ்னி பிராக் நகருக்குப் போனார். 1348-ல் தொடங்கிய பழம்பெரும் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

1925-ல் அவரே துருக்கியில் மண்ணைத் தோண்டினார். கைசேரி நகருக்குப் பக்கத்தில் குல்தேபே என்று ஒரு மேடு இருக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து பழைய களிமண் பலகைகள் பல ஆண்டுகளாக விலைக்கு வந்துகொண்டிருந்தன. அவை எங்கே கிடைக்கின்றன என்பதை மட்டும் கிராமத்தார் சொல்லவில்லை. பிழைப்புப் போய்விடும் அல்லவா?

முன்பு வந்தவர்கள் மேட்டைத் தோண்டி ஏமாந்து போனார்கள். ஹ்ரோஸ்னியும் முதலில் மேட்டைத்தான் தோண்டினார். பிறகு உள்ளூர் ஆட்கள் மூலம் ரகசியம் தெரிந்தது. பலகைகள் இருந்தது மேட்டில் அல்ல, பக்கத்து வயலில்!

அங்கே தோண்டினார். ஏறக்குறைய ஆயிரம் பலகைகள் கிடைத்தன. சுமார் 4 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அசீரியாவிலிருந்து கழுதைகளில் சரக்கு ஏற்றிவந்து வியாபாரம் செய்தவர்களின் கணக்கும் கடிதமும் அவை. கானேஷ் என்ற பழைய நகரம் அதுதான் என்பது தெரிந்தது.

நாஜிகள் காலத்தில்

1939-ல் ஹிட்லரின் படை பிராக் நகரைப் பிடித்தது. அந்தச் சோதனையான ஆண்டில், சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பு ஹ்ரோஸ்னியிடம் வந்தது.

மாணவர்கள் அந்நிய ஆட்சியை எதிர்த்து ஊர்வலம் போனார்கள். ஜெர்மன் படையினர் துரத்தினார்கள். மாணவர்கள் சட்டக் கல்லூரி முற்றத்துக்குள் ஓடிப் புகுந்தார்கள்.

அப்போது ஹ்ரோஸ்னி வாசலுக்கு வந்து நின்றார் என்றும், பல்கலைக்கழகத்துக்குள் நுழைய உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று அந்த அதிகாரியிடம் ஜெர்மன் மொழியிலேயே சொன்னார் என்றும், அதைக் கேட்டுப் படை திரும்பிப் போனது என்றும் சொல்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 60.

ஆனால் அந்த ஆண்டு நவம்பர் 17-ந் தேதி நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களையெல்லாம் மூடிவிட்டார்கள். 9 பேரைக் கொன்றார்கள். ஆயிரத்து 200 மாணவர்களைச் சிறை முகாமுக்கு அனுப்பினார்கள். அந்த நாள்தான் பிற்பாடு சர்வதேச மாணவர் தினம் ஆயிற்று.

கிட்டாத வெற்றி

ஹ்ரோஸ்னியின் கடைசி ஆராய்ச்சிகளையும் சொல்லத்தான் வேண்டும்.

ஹிட்டைட் மொழியில் கிடைத்த வெற்றி அவருக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது. சிந்துவெளியில் மொகஞ்சதாரோ, ஹரப்பா நகரங்களில் கிடைத்த முத்திரைகளின் எழுத்தைப் படிக்க முயன்றார். கிரேக்க நாட்டுக் கிரீட் தீவின் பழைய எழுத்தையும் படிக்க முயன்றார். படித்துவிட்டதாகவே நம்பினார்.

ஆனால் அவற்றை மற்ற அறிஞர்கள் ஏற்கவில்லை. இன்றும் ஏற்பதில்லை.

ஏன்? ஹிட்டைட் பலகைகளில் எழுத்தின் ஓசை முன்பே தெரிந்திருந்தது. ரொட்டி போன்ற அடையாளங்களின் பொருள் தெரிந்திருந்தது. நீளமான வாக்கியங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒரு பலகையில் செய்த ஊகத்தை இன்னொரு பலகையில் வைத்துச் சோதிக்க முடிந்தது.

சிந்துவெளி முத்திரைகளில் ஓசையும் தெரியாது, பொருளும் தெரியாது. ஒவ்வொன்றிலும் சில குறிகள்தான் இருக்கின்றன. எதை வைத்துச் சோதிப்பது? அதனால் சிந்துவெளி எழுத்தை எல்லோரும் ஒப்புக்கொள்ளும்படி இன்றுவரை யாரும் படிக்கவில்லை.

ஊகம் செய்யும் துணிச்சல் ஹ்ரோஸ்னியிடம் கடைசிவரை இருந்தது. சோதித்துப் பார்க்கச் சாட்சி இருந்த இடத்தில் அந்தத் துணிச்சல் வென்றது. சாட்சி இல்லாத இடத்தில் அதே துணிச்சல் அவரைக் கைவிட்டது.

மறைவு

1944-ல் ஹ்ரோஸ்னியைப் பக்கவாதம் தாக்கியது. அதோடு ஆராய்ச்சி நின்றது. 1952-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ந் தேதி பிராக் நகரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 73. அவர் பிறந்த லிசா ஊரில் உள்ள பொருட்காட்சிசாலைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

அவர் தொடங்கிய வேலை நிற்கவில்லை. ஹட்டுசாவில் இதுவரை கிடைத்த பலகைகளும் உடைந்த துண்டுகளும் சுமார் 30 ஆயிரம். உலகம் பாதுகாக்கவேண்டிய ஆவணங்களில் ஒன்றாக 2001-ல் யுனெஸ்கோ நிறுவனம் அவற்றைச் சேர்த்தது.

2023-ம் ஆண்டில் அதே இடத்தில் தோண்டியபோது, ஒரு பூஜைப் பலகை கிடைத்தது. முன்னுரை ஹிட்டைட் மொழியில் இருந்தது. இனி வருவதைக் கலஸ்மா நாட்டு மொழியில் ஓதவேண்டும் என்று அதில் குறித்திருந்தார்கள். அதன் பிறகு வந்ததோ, அதுவரை யாரும் பார்த்திராத மொழி!

எழுத்தைப் படிக்க முடிகிறது. பொருள்தான் சரியாகத் தெரியவில்லை. 1914-ல் ஹ்ரோஸ்னி இருந்த நிலையில் இன்று வேறு சிலர் இருக்கிறார்கள். அந்தக் கலஸ்மா வரிகளிலும், ஒரு ரொட்டியோ ஒரு வாய்த் தண்ணீரோ யார் கண்ணிலாவது படத்தானே வேண்டும்!